அரசு வழக்கறிஞர் சரியாக நடத்தவில்லை என்றால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: என் அப்பா 2024 செப்டம்பரில் கொலை செய்யப்பட்டார். வழக்கு அமர்வு நீதிமன்றத்தில் நடக்கிறது. நேரில் பார்த்த இரண்டு பேர் பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள். அரசு வழக்கறிஞர் பெயருக்கு நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு செல்வாக்கானவர்கள், வழக்கையே வாபஸ் வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நாங்களே வக்கீல் வைத்து நடத்த முடியுமா?

பதில்: இந்த நிலையில் பலரும் எம்.எல்.ஏ. வீட்டுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைவார்கள். நீங்கள் முதலில் மனுப் போட வேண்டியது வழக்கு நடக்கும் அதே நீதிமன்றத்தில்.

மாவட்ட அரசு வழக்கறிஞரை நியமிப்பது மாநில அரசு. அமர்வு நீதிபதியைக் கலந்து கலெக்டர் தயாரிக்கும் பட்டியலிலிருந்து, ஏழு ஆண்டுகளாவது வக்கீலாக இருந்தவரை எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்சி மாறினால் இந்தப் பதவிகளிலும் ஆள் மாறுவது ஊரறிந்த விஷயம். ஆனால் கோர்ட்டுக்குள் வந்தபின் வழக்கை எப்படி நடத்துவது என்று அவருக்கு உத்தரவு போட போலீசுக்கோ கலெக்டருக்கோ அதிகாரம் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை அவர் ஒழுங்காகப் பயன்படுத்துகிறாரா என்று அன்றாடம் பார்க்கக்கூடியவர் நீதிபதி மட்டும்தான்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு போதும். 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு 76 சாட்சிகள் மறு குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள்; பெரும்பாலானோர் பல்டி அடித்தார்கள்; அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்கவே இல்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் மனுப் போட்டார். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை கர்நாடகத்துக்கு மாற்றியது. மனுப் போடாமல் இருந்திருந்தால்? அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்குக்கு வருவோம். சாட்சி பிறழ்ந்தால் அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதி பெற்று அவரையே குறுக்கு விசாரணை செய்யலாம். போலீசிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தை வரிவரியாகக் காட்டி, ‘இப்படிச் சொன்னீர்களா இல்லையா?’ என்று கேட்க வேண்டும். மறுத்தால், பிறகு விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அந்த முரண்பாட்டை அவர் மூலம் நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டாவது படிதான் அடிக்கடி விட்டுப்போகிறது. எனவே அந்தச் சாட்சியங்களின் சான்றிட்ட நகலை உடனே வாங்கிப் பாருங்கள். எந்த வரி கேட்கப்படவில்லை என்று குறிப்பிட்டு, பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 348-ஆம் பிரிவின்படி சாட்சியை மறுபடி அழைக்கச் சொல்லி மனுப் போடலாம். ‘சரியாக நடத்தவில்லை’ என்று பொதுப்படையாக எழுதினால் பலன் குறைவு.

சொந்த வக்கீல் வைக்கலாம், ஆனால் ஒரு எல்லைக்குள். அதே சட்டத்தின் 18(8)-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற அனுமதியோடு அவர் அரசுத் தரப்புக்கு உதவலாம். சாட்சியம் முடிந்தபின் அனுமதி பெற்று எழுத்துப்பூர்வ வாதமும் தரலாம். சாட்சியை அவரே நேரடியாக விசாரிக்க முடியாது என்று 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க வேண்டிய கேள்விகளை அரசு வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம்.

வாபஸ் பேச்சைக் கேட்டு இப்போதே பதற வேண்டாம். 360-ஆம் பிரிவுப்படி அரசு வழக்கறிஞர் தன் சொந்த முடிவாக மனுப் போட்டு, நீதிமன்றம் சம்மதித்தால்தான் வாபஸ். புதிய சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது என்ற வரி சேர்ந்திருக்கிறது. சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவர் என்பதில் வாரிசும் அடக்கம். ஆகவே உங்களைக் கேட்டே ஆக வேண்டும். மனு வந்தால் முதலில் காரணத்தைப் படியுங்கள். ‘அரசு உத்தரவுப்படி’ என்பதைத் தவிர வேறு காரணமே இல்லையென்றால் உங்கள் ஆட்சேபணையை அங்கேதான் வைக்க வேண்டும்.

இதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2000-இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கைதிகளை விடுவிப்பதற்காக அவர்கள் மீதான தடா குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்க அரசுத் தரப்பு மனுப் போட்டது. மைசூரு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. வீரப்பன் கும்பல் கொன்ற ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். அரசு வழக்கறிஞர் சுயமாக யோசித்தாரா, நீதிமன்றம் அதைச் சோதித்ததா என்று கேட்டு, ராஜ்குமார் இன்னும் காட்டில் இருந்தபோதே, 2000 நவம்பரில் அந்த அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நிர்வாக ரீதியான புகாரை, குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் மாவட்டத் துணை இயக்குநருக்கோ உதவி இயக்குநருக்கோ அனுப்பி, இயக்குநருக்கு நகல் வையுங்கள். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை வரக்கூடிய வழக்குகளைக் கண்காணிப்பது இயக்குநரின் சட்டப்படியான வேலை. கொலை வழக்கு அதில் வரும். சிறப்பு அரசு வழக்கறிஞர் கேட்டு உள்துறைச் செயலாளருக்கும் எழுதலாம். பதில் வராவிட்டால் அந்த மனுவின் நகலோடு உயர் நீதிமன்றம் போகலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்காக இருந்தால் இன்னும் எளிது: நீங்கள் விரும்பும் மூத்த வக்கீலை அமர்த்தும்படி கலெக்டரிடமே கேட்க, 1995 விதிகளில் இடமிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் எதிரிகள் விடுதலையானால், அரசு மேல்முறையீடு செய்யுமா என்று காத்திருக்காதீர்கள். 413-ஆம் பிரிவின்படி நீங்களே உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.