மருந்து போட்ட மீன்தொட்டிக்குக் கார்பன்: எப்போது, எவ்வளவு?

கேள்வி: மாடியில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரக் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்த்து விற்கிறேன். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கல் உப்பும் மெத்திலீன் புளூவும் போட்டேன். புள்ளி மறைந்து ஒரு வாரமாகிறது. ஆனால் தண்ணீரில் நீலம் போகவில்லை, வாடையும் அடிக்கிறது. கொட்டாங்கச்சிக் கரியை உடைத்து டாப் ஃபில்டரில் வைத்தும் பலனில்லை. இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் சரியாகுமா?

பதில்: நீலமும் வாடையும் போகும். மீன் மேலே வருவதற்குக் கார்பன் தீர்வல்ல, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தரும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் மெத்திலீன் புளூ பாதிக்கும். அதனால் அம்மோனியா சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மீன் கடையில் டெஸ்ட் கிட் வாங்கி இன்றே பாருங்கள். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-ஐத் தாண்டிய தண்ணீரில் சிறிதளவு அம்மோனியாவும் செவுளைக் கெடுக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இன்று மாற்றுங்கள், நாளையும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியே ஊற்றவும். இரண்டு நாள் தீனி வேண்டாம், ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும். அம்மோனியாவுக்கு ஜியோலைட் கல்லைச் சொல்வார்கள். உங்கள் தொட்டியில் உப்பு இருக்கிறது, உப்பு நீரில் ஜியோலைட் பிடித்த அம்மோனியாவைத் திரும்ப விட்டுவிடும். ஆகவே இப்போதைக்கு அது வேண்டாம்.

இனி கரிக்கு வருவோம். அடுப்புக் கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்றல்ல. அதே கொட்டாங்கச்சிக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டும்போதுதான் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கின்றன. சாயமும் வாடையும் ஒட்டிக்கொள்வது அந்தத் துளைச் சுவர்களில்தான். வாங்கும்போது, கார்பன் எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் காட்டும் 'அயோடின் எண்' கேளுங்கள், 900-க்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. சந்தேகமென்றால் இரண்டு பாட்டிலில் இளநீல மருந்துத் தண்ணீர் எடுத்து, ஒன்றில் பொடித்த அடுப்புக் கரி, மற்றதில் பொடித்த கார்பன் ஒவ்வொரு ஸ்பூன் போட்டுக் குலுக்கி, கரி அடியில் படியும்வரை வையுங்கள். கார்பன் பாட்டிலில் நீலம் வெளுத்துவிடும், அடுப்புக் கரிப் பாட்டிலில் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

உங்கள் தொட்டி விளிம்புவரை சுமார் 190 லிட்டர். மேலே காலியாக விடும் இடமும் கற்களும் போக 160 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் 160 கிராம் போதும். பொடி வேண்டாம், 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாக வாங்குங்கள். கறுப்புத் தண்ணீர் வடிவது நிற்கும்வரை அலசி, வலைப்பையில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் உள்ளே புகாமல் பையைச் சுற்றி ஓடிவிடும், பலர் கார்பனைக் குறை சொல்வது இதனால்தான். டாப் ஃபில்டரில் தண்ணீர் முதலில் பஞ்சில் விழுந்து, அதன்பின் கார்பன் பையில் இறங்க வேண்டும். வரிசை மாறினால் மீன் கழிவு குருணையின் மேல் படிந்து துளைகளை அடைத்துவிடும்.

நீலம் ஓரிரு நாளில் குறையும். குறையாவிட்டால் பையைத் திருப்பி வைத்துப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் கார்பன் நிரம்பிவிட்டது, மாற்றுங்கள். சாதாரண நாட்களில் 3, 4 வாரம் உழைக்கும். பழையதை வெயிலில் காயவைப்பதாலோ வேகவைப்பதாலோ பழைய வேகம் திரும்பாது. உப்பையும் கார்பன் எடுக்காது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். பழைய கார்பனில் பாக்டீரியா குடியேறியிருக்கும் என்பதால் பஞ்சையும் கார்பனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

அடுத்த முறை மருந்து போடுமுன் கார்பன் பையை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையேல் மருந்து மீனைச் சேருமுன் கரியில் போய்விடும். புள்ளி மறைந்தவுடன் திரும்ப வைக்கவும் கூடாது. மருந்து பிடிப்பது தண்ணீரில் நீந்தும் நிலையிலுள்ள கிருமியைத்தான் என்பதால் இன்னும் 3, 4 நாள் மருந்து நிற்க வேண்டும். முடிந்தால் நோய் மீனைத் தனி டப்பில் வைத்தே வைத்தியம் பாருங்கள், பெரிய தொட்டியின் பாக்டீரியா தப்பிக்கும்.