‘சரி பண்ண முடியாது’ என்றால் வாரண்டியும் முடிந்ததா?

கேள்வி: 32,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கி மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது. கம்பெனி வாரண்டி ஒரு வருடம். அதற்கு மேல் மூன்று வருடத்துக்கு, கடையிலேயே 2,499 ரூபாய் கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தோம். இப்போது கூலிங் இல்லை. இரண்டு முறை கேஸ் நிரப்பியும் நிற்கவில்லை. ‘பாடிக்குள் லீக், சரி பண்ண முடியாது’ என்று சொல்லிவிட்டார் டெக்னீசியன். வாரண்டி ரிப்பேருக்குத்தானாம், ரிப்பேரே ஆகாத பொருளுக்குக் கிடையாதாம். சண்டை போட்ட பிறகு 12,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? (திருச்சி வாசகி)

பதில்: எதிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடாதீர்கள்.

‘ரிப்பேர் ஆகாது, அதனால் வாரண்டி கிடையாது’ என்பது தலைகீழ் நியாயம். நான் பார்த்த பெரும்பாலான திட்டங்களில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கும்: பழுதை நீக்க முடியாவிட்டாலோ, செலவு பொருளின் அன்றைய மதிப்பைத் தாண்டினாலோ, மாற்றுப் பொருள் அல்லது தேய்மானம் கழித்த தொகை. அவர்கள் பார்க்க வேண்டியது பொருள் சரியாகுமா என்பதை அல்ல, எதனால் கெட்டது என்பதை. தானாக வந்த பழுது என்றால் வாரண்டிக்கு உள்ளே. கீழே விழுந்தது, எலி கடித்தது, துரு என்றால் பெரும்பாலும் வெளியே.

அந்தத் துருவில்தான் உங்களுக்குச் சிக்கல் வரலாம். நல்ல ஃப்ரிட்ஜ் ஒன்றின் கதவைத் திறந்து ஓர விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே வேர்க்காமல் இருப்பதற்காகச் சூடான கேஸ் போகும் குழாய் ஒன்றை உள்ளே ஓட்டியிருப்பார்கள். அதைச் சுற்றி முழுக்க ஃபோம். துருவாலோ வேறு எதனாலோ அதில் லீக் வந்தால், உடைக்காமல் பார்க்கவோ கை வைக்கவோ முடியாது. தெருமுனை மெக்கானிக் அந்தக் குழாயைத் துண்டித்துவிட்டு, பின்பக்கம் வெளியே ஒரு கண்டென்ஸர் மாட்டி ஓட வைத்துவிடுவார். கம்பெனி ஆள் பெரும்பாலும் அந்த வேலைக்கு வர மாட்டார், ‘முடியாது’ என்றுதான் எழுதுவார்.

எழுதினாரா என்பதுதான் விஷயம். வாயால் சொன்னது செல்லாது. டெக்னீசியன் பார்த்ததை எழுதித் தரும் ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். ‘உள் குழாயில் லீக், பழுது நீக்க இயலாது’ என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். கண்ணால் பார்க்காத குழாய்க்குத் ‘துருவால் லீக்’ என்று எழுதியிருந்தால், எப்படித் தெரிந்தது என்று அங்கேயே கேளுங்கள், கையெழுத்துக்கு மேலே உங்கள் மறுப்பையும் ஒரு வரி எழுதுங்கள். முந்தைய இரண்டு கேஸ் நிரப்பலின் ஷீட்டுகளையும் எடுத்து வையுங்கள், ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்ததற்கு அவைதான் சாட்சி. கதவில் ஒட்டியிருக்கும் ‘10 வருட வாரண்டி’ ஸ்டிக்கரை நம்பி இறங்காதீர்கள், அது கம்ப்ரஸருக்கு மட்டும்.

அப்புறம் அந்த 12,000. எந்த ஷரத்துப்படி என்று மெயிலில் கேளுங்கள். உதாரணத்துக்கு, உங்கள் காகிதத்தில் வருடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் என்று இருப்பதாக வையுங்கள். நீட்டித்த காலத்தின் மூன்றாவது வருடம் என்பதால் 30 சதவீதம் கழித்தாலும் 22,400 வர வேண்டும். சில திட்டங்களில் முன்பு செய்த ரிப்பேர் செலவையும் கழிப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் சரி, ஆனால் இரண்டு கேஸ் நிரப்பலுக்கு 10,000 ஆகியிருக்காது. கூப்பன்தான் என்று ஷரத்து சொன்னால் கூப்பன்தான். சொல்லாவிட்டால் பணமாகக் கேளுங்கள். எப்படி வாங்கினாலும் அத்தோடு திட்டம் முடிந்துவிடும், மீதி எட்டு மாதம் புது ஃப்ரிட்ஜுக்கு ஒட்டிக்கொண்டு வராது.

ஷரத்துப் புத்தகமே தரவில்லை, பில்லில் ஒரு வரிதான் இருக்கிறது என்கிறீர்களா? கடைகளில் இது சகஜம். அது உங்களுக்கு நல்லதாகவே முடியலாம். பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காத விலக்கு ஷரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

மெயிலுக்கு 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். இதற்குள்ளாகவே பல கடைகள் இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே போடலாம், பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடையையும் வாரண்டி கொடுத்த நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள், ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்கும் பழக்கம் இரண்டு பேருக்கும் உண்டு. காகிதத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் உங்கள் பெயரில் பாலிசி எண்ணும் இருந்தால், அவர்களிடம் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடமும் இலவசமாக முறையிடலாம். பாலிசி கடையின் பேரில் இருந்தால் அந்த வழியை நம்ப வேண்டாம், ஆணையத்துக்கே போங்கள்.

வெயில் நேரம், அதுவரை ஃப்ரிட்ஜ் இல்லாமல் இருக்க முடியாது, தெரியும். புதிது வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழையதை மட்டும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். வெளியாளைக் கூப்பிட்டுக் கழற்றவும் விடாதீர்கள். தொகை கைக்கு வரும்வரை அது மூலையில் அப்படியே நிற்கட்டும்.