கொழும்புக் கரையோரத்தில் ஹோட்டல் கட்ட அனுமதி விதிகளைத் தளர்த்தினால் முதலீடு வருமா?

ஓரளவு வரும். ஆனால் எந்த விதியைத் தளர்த்துகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஹோட்டல் கட்ட நினைப்பவர் நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை, தீயணைப்புப் பிரிவு என்று பல படி ஏற வேண்டும். உயர் நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரே வரைபடத்தை ஒவ்வொரு கவுண்டரிலும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் உண்மையான தலைவலி. வங்கி வட்டி காத்திருக்காதே! விண்ணப்பத்தை ஒரே இடத்தில் வாங்கி, முடிவுக்குக் கெடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் சுற்றாடல் மதிப்பீடு. 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்களை 1993ஆம் ஆண்டு அரசு வர்த்தமானி இந்த மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. இதில் கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் எப்படி வடியும் என்று கேட்கும் இடம் அதுதான். ஒரு மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்பதை வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, அனுமதி மட்டும் போதுமா? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் அறைகள் காலியானதற்கு எந்த விதியும் காரணமில்லையே.