நிரை எத்தனை, நிரல் எத்தனை?

(கீழே நிரல் என்று வருவதெல்லாம் அணியின் நிரல்தான், அதாவது மேலிருந்து கீழே போகும் வரிசை; நிரை குறுக்கே போகும் வரிசை. புரோகிராமைப் புரோகிராம் என்றே எழுதியிருக்கிறேன். ‘அணி’ என்பது மேட்ரிக்ஸ்; புரோகிராமுக்குள் மாறியின் பெயரும் அதுவே.)

கே: பைதானில் பட்டியலுக்குள் பட்டியலாக அணி இருக்கிறது. அளவு எடுப்பது எப்படி?

லென்(அணி) நிரைகளைத் தரும், லென்(அணி[0]) நிரல்களைத் தரும். அணி காலியாக இருந்தால் இரண்டாவது இண்டெக்ஸ் எர்ரரில் போய் முட்டும். முதலில் நிரை பூஜ்யமா என்று பாருங்கள். இன்னொன்று: அது முதல் நிரையின் நீளம் மட்டுமே. நாலாவது நிரையில் ஓர் எண் விட்டுப்போயிருந்தால் அதற்குத் தெரியாது.

கே: ஜாவாவில் அணி.லெங்த்() கம்பைல் ஆகவில்லை.

அடைப்புக்குறியை எடுங்கள். அது ஸ்ட்ரிங்குக்கு உரியது, அரேவுக்கு இல்லை.

கே: என் பைதான் புரோகிராம் நன்றாக ஓடுகிறது. வேறு டேட்டா கொடுத்தால் மட்டும் நின்றுவிடுகிறது. ஏன்?

என்ன டேட்டா, என்ன எர்ரர், எந்த வரி? ஒன்றையும் எழுதவில்லை. நல்லவேளை, புரோகிராமை அனுப்பியிருக்கிறீர்கள். 3×3 வைத்துச் சோதித்திருக்கிறீர்கள், அங்கேதான் கோளாறு. சதுர அணியில் நிரை எண்ணிக்கையையும் நிரல் எண்ணிக்கையையும் மாற்றிப் போட்டாலும் விடை சரியாகவே வரும்; தப்பு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

உங்கள் வெளிச்சுற்று லென்(அணி[0]) வரையும் உள்சுற்று லென்(அணி) வரையும் போகிறது. எடுப்பதோ அணி[ஐ][ஜே]; ஐ வெளிச்சுற்றின் எண், ஜே உள்சுற்றின் எண், இரண்டும் 0-இல் தொடங்கும். 2×5 கொடுத்துப் பாருங்கள்: இரண்டு நிரையிலும் முதல் இரண்டு எண்ணை மட்டும் தொட்டுவிட்டு, இல்லாத அணி[2]-ஐத் தேடி நிற்கும். 5×2 கொடுத்தால் முதல் நிரையின் மூன்றாவது எண்ணிலேயே நிற்கும். நிற்பதாவது நல்லது. சி-யில் இதே தப்பைச் செய்தால் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அடுத்த நிரையின் எண்ணை எடுத்துக் கூட்டிக்கொண்டு போகும், நீங்களும் விடையை நம்பிவிடுவீர்கள்.

சோதிக்க 2×5 எடுங்கள், அப்புறம் 5×2, அப்புறம் 1×1, கடைசியில் காலி அணி. 3×3-ஐக் கையால் தொடாதீர்கள்.

கே: சி-யில் நிரைகளை எண்ண சைஸ்ஆஃப்(அணி)-ஐ சைஸ்ஆஃப்(அணி[0])-ஆல் வகுத்தால் மெயினில் 3 தருகிறது, ஃபங்ஷனுக்குள் 0 தருகிறது. கம்பைலர் பழுதா?

கம்பைலர் மேல் பழி போடாதீர்கள். இன்ட் அணி[3][4] மெயினில் 48 பைட், ஒரு நிரை 16 பைட், வகுத்தால் 3. ஃபங்ஷனுக்குள் போவது முதல் நிரையின் முகவரி மட்டும், 64 பிட் கணினியில் 8 பைட். 8-ஐ 16-ஆல் முழு எண்ணாக வகுத்தால் 0 தானே? நிரை எண்ணிக்கையைத் தனி அளபுருவாக (பாராமீட்டராக) அனுப்புங்கள்.

கே: பைதானின் நம்பை நூலகத்தில் அணியின் ஷேப் (அளவு) (3,) என்று வருகிறது. 3×1 தானே?

இல்லை. அதற்கு ஒரே அச்சுதான். டிரான்ஸ்போஸ் செய்தாலும் (நிரையை நிரலாக மாற்றினாலும்) (3,) என்றே நிற்கும். 3×1 வேண்டுமானால் ரீஷேப்(-1, 1); -1 என்றால் நிரை எண்ணிக்கையை நம்பையே கணக்கிட்டுக்கொள்ளும்.

கே: மேட்லேபில் இரண்டே நிரை உள்ள அணிக்கு லெங்த் 5 என்கிறதே?

எந்தப் பக்கம் நீளமோ அதைத்தான் அது சொல்லும். சைஸ்(அணி, 1) நிரை, சைஸ்(அணி, 2) நிரல். இதுவும் 3×3-இல் தெரிந்திருக்காது.

கே: 2×3 அணியை 3×4 அணியால் பெருக்கினால் விடைக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

2×4.