தட்டையாக மறுக்கும் டிரே

ஐயா,

அட்டைப்பெட்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் பெட்டித் தொழிலில் இருப்பவன் அல்ல. என் பொருட்களை அடுக்கித் தர ஒரு டிரே தேவைப்பட்டது, நானே வரைய உட்கார்ந்துவிட்டேன். அடிப்பகுதி 300க்கு 200 மி.மீ., உயரம் 40. அட்டையின் தடிமன் 0.4 மி.மீ. நான்கு மூலையும் ஒட்டியே இருக்க வேண்டும். ஆனால் அனுப்பும்போது தட்டையாக மடங்கிப் போக வேண்டும். கையில் எடுத்துச் சுவரை இழுத்தால் எழுந்து நிற்க வேண்டும். குறுகிய சுவர்களில் மூலைக்கு ஒரு சாய்வு மடிப்பு வைத்தால் இது முடியும் என்று ஒரு பழைய டிரேயைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நேர்ச் சுவர் வைத்துச் செய்த மாதிரி அழகாகப் படுத்தது. பிறகு, பொருளை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று நான்கு சுவரையும் கொஞ்சம் வெளிப்பக்கம் சரித்தேன். சுவரின் மூலைக் கோணம் 98 பாகை ஆயிற்று. சாய்வு மடிப்பை அதன் நட்டநடுவில், 49 பாகையில் வைத்தேன். இப்போது படுக்க மாட்டேன் என்கிறது. அழுத்தினால் மூலை உப்பிக்கொள்கிறது.

இன்னும் இரண்டு தொல்லை. உட்பக்கம் கத்தியால் லேசாகக் கீறிவிட்டு மடிக்கிறேன். சில இடங்களில் பிளந்துவிடுகிறது. நடுவில் கனம் வைத்தால் அடிப்பகுதி தொங்குகிறது. தடித்த அட்டைக்குப் போகலாமா? ஒட்டுவதையே விட்டுவிட்டு, செருகிப் பூட்டுகிற மாதிரி செய்துவிடுவது நல்லதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூலை உப்புவதற்குக் காரணம் உங்கள் கைவேலையும் இல்லை, அட்டையும் இல்லை. கோணக் கணக்கில் 8 பாகை உதைக்கிறது. எந்த இடத்தில் என்று ஒரே ஒரு மூலையை எடுத்து விரலால் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

டிரே தட்டையாகப் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய சுவர் அடிப்பகுதியோடு சேரும் மடிப்பிலிருந்து புறப்படுவோம். அதைச் சுழியம் என்று வைப்போம். மூலைப் புள்ளியைச் சுற்றி அடிப்பகுதியைக் கடந்தால் 90 பாகை முன்னே போகிறோம். அங்கே நீளச் சுவரின் மடிப்பு வருகிறது. நீளச் சுவர் உள்ளே கவிழ்ந்து அடிப்பகுதியின்மேல் படுத்திருப்பதால், அதில் நடந்தால் வந்த வழியே திரும்புகிறோம். நேர்ச் சுவரில் 90 போய் 90 திரும்பியாயிற்று, மறுபடி சுழியம். மிச்சம் இருப்பது குறுகிய சுவர். சாய்வு மடிப்பு அதை இரண்டாகப் பிரிக்கிறது: ஒட்டிய மூலைப் பக்கம் ஒரு துண்டு, அடி மடிப்புப் பக்கம் ஒரு துண்டு. ஒன்றில் 45 போய் மற்றதில் 45 திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். சுற்று மூடிவிட்டது, டிரே படுக்கிறது.

சரி, இப்போது உங்கள் சரிந்த சுவருக்கு வருவோம். 90 போய் 98 திரும்பினால் சுழியத்தைத் தாண்டி 8 பாகை பின்னே போய்விடுகிறோம். அதற்குப் பிறகு 49 போய் 49 திரும்பினால் அந்த 8 அப்படியே நிற்கும். அட்டையோ நாலு பக்கமும் ஒட்டிக் கிடக்கிறது, பிரிய வழியில்லை. எனவே வளைந்து நெளிந்து அந்த 8 பாகையைச் சரிக்கட்டப் பார்க்கிறது. நீங்கள் பார்க்கும் உப்பல் அதுதான்.

குறுகிய சுவர் உள்ளே கவிழ்ந்து படுக்க வேண்டும் என்றால் மூலைப் பக்கத் துண்டு 53, அடிப் பக்கத் துண்டு 45 இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பின்னே 8இல் இருந்து 53 முன்னே, பிறகு 45 திரும்பினால் சுழியம். காகித மடிப்புக் கணிதத்தில் கவாசாகி தேற்றம் என்று சொல்வது இதன் உறவுதான்: ஒரு புள்ளியில் கூடும் மடிப்புகளுக்கு இடைப்பட்ட கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் இரண்டு தொகையும் சமமாக வர வேண்டும். இங்கே 90உம் 53உம் 143. 98உம் 45உம் 143.

குறுகிய சுவர் வெளியே நீட்டிக்கொண்டு படுக்கட்டும் என்றால் எண்கள் இடம் மாறும்: மூலைப் பக்கம் 45, அடிப் பக்கம் 53. நேர்ச் சுவரில் இந்த இரண்டு வழிக்கும் ஒரே கோடு போதும். அதனால்தான் முதல் மாதிரியில் எதையும் யோசிக்காமலே தப்பித்துவிட்டீர்கள். சுவரைச் சரித்த நிமிடமே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நீங்கள் நடுவில் போட்ட கோடு இரண்டுக்கும் சேரவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் அனுப்புகிற செலவு உள்ளே வருகிறது. உள்ளே கவிழும் டிரே அடிப்பகுதியின் அளவுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும், ஆனால் மூலையில் நான்கு அட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பசை தடவி ஒட்டும் சிறு மடலான காதையும் சேர்த்தால் ஐந்து. 0.4 மி.மீ. அட்டைக்கு அது 2 மி.மீ. வெளியே நீட்டும் டிரே நீளத்தில் 80 மி.மீ. கூடுதலாக இடம் கேட்கும், ஆனால் எங்கேயும் மூன்று அட்டைக்கு மேல் ஏறாது. உத்தேசமாகப் பார்த்தால் முதலாவது ஒன்றுக்கு 120 கன செ.மீ., இரண்டாவது ஏறக்குறைய 91. நிமிர்த்திய டிரே என்றால் 2,400. எப்படிப் பார்த்தாலும் இருபது மடங்காவது மிச்சம்.

என் ஓட்டு வெளியே நீட்டும் வழிக்கு. கன அளவைவிட எனக்கு அடுக்குதான் முக்கியம். மூலையில் மட்டும் தடித்த டிரேக்களை நூறு நூறாக அடுக்கினால் நடு பள்ளமாகவும் மூலைகள் மேடாகவும் நிற்கும். கட்டு நழுவும், அடியில் இருக்கும் டிரேயின் மூலை நசுங்கும். ஒன்றைத் தலைமாற்றி ஒன்று வைத்தாலும் பயனில்லை, நான்கு மூலையிலும் அதே தடிமன்தான்.

இன்னொன்று. சரிந்த சுவர் என்றால் நிமிர்த்திய டிரேக்களே ஒன்றுக்குள் ஒன்று இறங்கும், சாய்வு மடிப்பே வேண்டாம் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். இறங்கும்தான். ஆனால் இந்தச் சரிவுக்கு ஒவ்வொன்றும் 3 மி.மீ. மேலே நிற்கும், மூலையில் அட்டை இரட்டையாக இருப்பதால் நிஜத்தில் 6 மி.மீ. பக்கம் வந்துவிடும். தட்டையாக அனுப்புவதைப் போல மூன்று, நான்கு மடங்கு இடம். வெகுதூரம் போகாத டிரேக்கு அதுவும் மோசமில்லை.

வரையும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒட்டும் காது மூலைப் பக்கத் துண்டுக்குள்ளேயே அடங்க வேண்டும். சாய்வு மடிப்பைத் தொட்டாலோ, பசை ஒரு நூலளவு அதில் வழிந்தாலோ, அந்த மூலை மடங்காது. இரண்டாவது, சுவரின் உயரம் குறுகிய பக்கத்தில் பாதியைத் தாண்டினால் இரண்டு சாய்வு மடிப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக்கூடும். 200க்கு 40 என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒட்டுவதா, பூட்டுவதா என்ற கேள்விக்கு டிரேயைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அதை நிமிர்த்தப் போகிறவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் உட்கார்ந்து நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் நிமிர்த்தப் போகிறார் என்றால் ஒட்டியே கொடுத்துவிடுங்கள். ஒரு இழுப்பில் எழுந்துவிட வேண்டும். வாங்குகிறவர் எப்போதோ ஒன்றை எடுத்துத் தானே மடிப்பார் என்றால் பூட்டு போதும்; ஒட்டும் செலவும் மிச்சம், ஒற்றை அட்டையாகவே அடுக்கலாம்.

இரண்டுக்கும் குணம் வேறு. ஒட்டிய டிரேயில் நீளச் சுவர்கள் முழுக்கக் கவிழ்ந்தே கிடந்ததால், நிமிர்த்திய பிறகும் உள்ளே சாயப் பார்க்கும். ஒட்டாத டிரேயில் எல்லாச் சுவரும் விரிந்தே கிடந்ததால் வெளியே விரியப் பார்க்கும். இந்த இரண்டாவது இழுவிசை பூட்டுக்கு நல்லது. ஒரு சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை மற்றதில் வெட்டிய பிளவில் செருகி, நாக்கின் அகன்ற தோள்கள் பிளவுக்கு அப்பால் போய் நின்றதும், விரியப் பார்க்கும் சுவரே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிளவு நாக்கின் தோளைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கட்டும். பிளவின் இரு முனையையும் கூர்மையாக விடாதீர்கள், சின்னதாக வளைத்துவிடுங்கள். கிழிசல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். அப்புறம், அட்டையின்மேல் 1, 2, 3 என்று அம்புக்குறி அச்சடிப்பது எனக்கு அறவே பிடிக்காது. முதல் சுவரை மடிக்காமல் இரண்டாவதை மடிக்கவே முடியாதபடி காதுகளை அமைத்தால் யாருக்கும் எண் தேவைப்படாது.

மடிப்பு பிளப்பதற்கு வருகிறேன். கத்தியை வைத்துவிடுங்கள். கீறுவது அட்டையின் நார்களை அறுக்கிறது; மிச்சம் இருக்கும் மெல்லிய பாகம் மட்டும் மடிப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதுவும் நீங்கள் உட்பக்கம் கீறுகிறீர்கள், இழுபடுவதோ வெளிப்பக்கம். கிரீஸ், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது, வேறு வேலை. ரூல் என்கிற மழுங்கிய உலோகப் பட்டை வெளிப்பக்கத்திலிருந்து அட்டையை ஒரு பள்ளத்துக்குள் அழுத்துகிறது. உள்ளே அட்டையின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, உட்பக்கம் ஒரு வரப்பு எழுகிறது. மடிக்கும்போது அந்த வரப்பு உள்ளே திரண்டு நிற்கும்; வெளித்தோல் அதிகம் இழுபடாமல் திரும்பிவிடும். வரப்பு உள்பக்கம் வருமாறு மடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாற்றி மடித்து வெடிக்க வைத்துவிட்டு அட்டையைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

பள்ளத்தின் அகலத்துக்கு அட்டைத் தடிமனைப் போல ஒன்றரை மடங்கோடு ரூலின் தடிமனைக் கூட்டினால் தொடங்குவதற்குச் சரியாக இருக்கும். 0.4 அட்டைக்கும் 0.7 ரூலுக்கும் 1.3 மி.மீ. வீட்டில் மாதிரி செய்ய, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் அடியில் கொஞ்சம் மெத்தென்ற ஒரு தாள் அடுக்கும் போதும்.

வெட்டையும் கிரீஸையும் ஒரே அழுத்தத்தில் முடிக்கிற இன்றைய டை பஞ்சிங்கே ஒரு விபத்தில் இருந்து வந்தது என்பார்கள். 1879 வாக்கில் நியூயார்க்கில் காகிதப் பை தயாரித்துக்கொண்டிருந்த ராபர்ட் கெய்ரின் பட்டறையில், பையில் மடிப்புக் கோடு போட வேண்டிய உலோக ரூல் இடம் மாறிப்போய்ப் பையை வெட்டிவிட்டது. அவர் வெட்டுக்கும் மடிப்புக்கும் இரண்டு உயரத்தில் ரூல் வைத்தால் ஒரே அடியில் பெட்டி தயார் என்று கண்டுகொண்டார். உங்கள் டிரேயை வெட்டும் அச்சான டையிலும் வெட்டும் பிளேடு உயரமாகவும் கிரீஸ் ரூல் அதைவிடத் தாழ்வாகவும்தான் இருக்கும்.

அடிப்பகுதி தொங்குவதற்குத் தடித்த அட்டை ஒரு வழிதான். ஒரே ரகத்தில் 0.4இல் இருந்து 0.5க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் அது தடிமனின் மும்மடிக்குப் போகிறது. ஆனால் காசு செலவழிக்கும் முன் கிரெயினை, அதாவது நார்கள் ஓடும் திசையை, பாருங்கள். இயந்திரத்தில் அட்டை ஓடிய திசையில் நார்கள் படுத்திருக்கும். அந்தத் திசையில் விறைப்பு குறுக்குத் திசையைப் போல இரண்டு மடங்கு வரை இருப்பது சாதாரணம். ஒரு சதுரத் துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்கள், குழல்போலச் சுருளும். குழலின் நீளவாக்கில் ஓடுவதுதான் கிரெயின்.

உங்கள் டிரேயில் கனம் நடுவில் இருக்கிறது, குறுகிய இடைவெளி 200 மி.மீ. பாரம் பெரும்பாலும் அந்தக் குறுக்குவாட்டில்தான் சுவர்களுக்குப் போகும். ஆகவே கிரெயின் குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓடட்டும். இதற்கு ஒரு விலை உண்டு: நீளச் சுவர் தன் நீளவாக்கில் கொஞ்சம் தளரும், நடுவில் வெளியே பிதுங்கும். பொருள் சுவரைத் தள்ளாது என்றால் பொருட்படுத்த வேண்டாம். தள்ளும் என்றால் நீளச் சுவரின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு பட்டையை உள்ளே மடித்து ஒட்டிவிடுங்கள். படுக்கும்போது அங்கே ஒரு அட்டை கூடுதலாகும், அவ்வளவுதான்.

டைக்குக் கொடுக்கும் முன் புதிய கோணத்தில் பத்துப் பன்னிரண்டு மாதிரி செய்து, தட்டையாக அடுக்கி, மேலே கனம் வைத்து ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு அடியில் இருப்பதை எடுத்து நிமிர்த்துங்கள். சுவர் உள்ளே ரொம்பச் சாய்ந்தால் சாய்வு மடிப்பை எதிர்ப்பக்கம் ஒரு முறை அழுத்தி உடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சாய்ந்தால் அந்த மடிப்பின் கிரீஸை இன்னும் ஆழமாக்கச் சொல்ல வேண்டியிருக்கும். மூலையின் படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்.