ஃபேஸ்புக்கில் பெண்ணியம் பேசி இதுவரை யாராவது மாறியிருக்கிறார்களா?

கேள்வியோடு, "நேரமும் நிம்மதியும் போனதைத் தவிர வேறு என்ன கிடைத்தது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் 2017-லிருந்து ஃபேஸ்புக்கில் இதைப் பற்றி எழுதி வருகிறேன். "உங்கள் பதிவைப் படித்து என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்" என்று சொன்ன ஆண் ஒருவர்கூட இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நிறுத்த மாட்டேன். ஏன் என்று சொல்ல என் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் பத்தொன்பது வருடமாக டைப் அடிக்கிறேன். கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாம் வரும். வாரம் தவறாமல் வருவது விடுதலைப் பத்திரம். அப்பா இறந்திருப்பார். வாரிசுச் சான்றிதழில் மகன், மகள் எல்லார் பெயரும் இருக்கும். நிலம் முழுவதும் மகன் பெயருக்கு வர வேண்டுமென்றால், மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் "சகோதர பாசத்தின் பேரில், எவ்விதப் பிரதிபலனும் பெறாமல்" என்று ஒரு வரி வரும். எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அண்ணன் காரில் கூட்டி வருவார். அக்கா தங்கைகள் நல்ல புடவை கட்டி வந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு, ஆளுக்கொரு புடவை, அப்புறம் பஸ் ஏற்றி விடுவார்கள். எழுதிக் கொடுத்த பங்கு ஒன்றரை ஏக்கராக இருக்கும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத் தீர்வை 1 சதவீதம், எவ்வளவு பெரிய நிலமானாலும் 40,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல் போகாது. ஆக அண்ணனுக்குச் செலவும் குறைவு. "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டால், "எதுக்கு கண்ணு, அண்ணன் சொன்னாச் சரிதான்" என்பார்கள். ஒரு சிலர் மட்டும் பெருவிரலை மெஷினில் வைக்கும் முன்னால் சற்றே நிற்பார்கள். அந்த முகங்கள்தான் என்னை எழுத வைத்தன.

என் முதல் பதிவு என் அத்தையைப் பற்றியது. அவருக்கு 1981-ல் கல்யாணம். தாத்தா 1994-ல் இறந்தார், இரண்டு வருடம் கழித்து மூன்று ஏக்கரில் தன் பங்கை அத்தை எழுதிக் கொடுத்தார். கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார். இதை எழுதியதும் நிறையக் கருத்துகள் வந்தன. பெரும்பாலும் திட்டுதான். ஒருவர் மட்டும் சட்டம் பேசினார்: "தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டம் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பொருந்தாது. உங்கள் அத்தைக்கு உரிமையே கிடையாது. இல்லாததை விட்டுக்கொடுத்ததற்கு ஏன் அழுகிறீர்கள்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு சட்டம் சொன்னது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. மத்திய சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்தபோதுதான் அந்தத் தடை போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தால்தான் உரிமை உண்டா என்று பல வருடம் குழப்பம் இருந்தது. நான் படித்தபோதும் அது தீரவில்லை, பிறகுதான் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் "அப்பா இருக்க வேண்டியதில்லை" என்று தீர்த்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே நடந்த விற்பனைகளையும், முறைப்படி பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைகளையும் தொட முடியாது. தினமும் பத்திரம் அடிக்கிற எனக்கே அந்த 1989, 2004, 2005 தேதிகள் அதுவரை கோவையாகத் தெரியாது. என்னைத் திட்ட வந்தவரால்தான் உட்கார்ந்து படித்தேன்.

படித்த பிறகு வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்த மூன்று ஏக்கர் பூர்வீகமே இல்லை. 1962-ல் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கிரயப் பத்திரம் இருந்தது. சுயார்ஜிதச் சொத்து. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் சுயார்ஜிதத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணமானவளா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. இதை அவருக்குப் பதிலாகப் போட்டேன். கூடவே ஒன்று கேட்டேன்: "உரிமையே இல்லையென்றால் எதற்குக் கையெழுத்து வாங்கினார்கள்?" இரண்டு நாள் கழித்து, "சுயார்ஜிதம் என்றால் உண்டுதான்" என்று ஒரு வரி எழுதினார். பெண்ணியம் பற்றிய அவர் கருத்து அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தப் பதிவுக்குக் கீழே பெரியப்பா, சித்தப்பா காலத்துப் பத்திரங்களைப் பற்றி முப்பது நாற்பது பேர் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வழக்கம்தான் இன்றும். "பெண்ணியம் சரியா தப்பா", "சமம் கேட்கிறீர்களா, சலுகை கேட்கிறீர்களா", "இதுதான் போலிப் பெண்ணியம்" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த வார்த்தைகளுக்குள் நான் போவதில்லை. "உங்கள் வீட்டுப் பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். மீதிப் பேரோடு உண்மையான பேச்சு தொடங்கும். பெண்ணுரிமை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்பவர்களுக்குச் செங்கல்பட்டைச் சொல்வேன். 1929 பிப்ரவரியில் அங்கே நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் அது சட்டமாக அறுபது வருடம் ஆனது. வீட்டு வேலை பற்றி வாதம் வந்தால், 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் காட்டுவேன். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88.

நான் அதிகம் மோதுவது ஒரு வாதத்தோடுதான்: "அதான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, அப்புறம் என்ன பங்கு?" இது பொய்யான வாதம் இல்லை என்பதால்தான் கஷ்டம். தங்கை கல்யாணத்துக்காகக் கடன் வாங்கி, பத்து வருடம் வட்டி கட்டிய அண்ணன்களை நான் நேரிலேயே பார்க்கிறேன். ஆனால் அந்த நகை எங்கே போனது? மாமியார் வீட்டுக் கடனுக்கு, புருஷன் ஆரம்பித்த கடைக்கு, கடைசியில் அடகுக் கடைக்கு. நகை அந்த வீட்டு ஆண் கைக்குப் போகிறது, நிலம் இந்த வீட்டு ஆண் கைக்குப் போகிறது. இரண்டு பக்கமும் அவளுக்குக் கொடுத்ததாகத்தான் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அவள் கையைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் தடுத்த ஒன்றைச் செய்துவிட்டு, அதைக் காட்டியே சட்டம் கொடுத்த ஒன்றை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

"ஆண்களின் வலி உங்களுக்குத் தெரிகிறதா?" என்பதும் அடிக்கடி வரும். முதலில் எரிச்சலோடு பதில் சொல்லியிருக்கிறேன். அது என் தப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். பத்துக்கு ஏழு. இந்த எண்ணைத் தூக்கி என் முன்னால் வைப்பவரிடம் நான் இப்போது சண்டைக்குப் போவதில்லை. குடும்ப பாரம் முழுக்க ஒருவன் தலையில்தான் என்று வைத்திருப்பதால் அவனும் நசுங்குகிறான். தங்கைக்குச் சீர் செய்தே தீர வேண்டும் என்ற ஏற்பாடு போனால் முதலில் மூச்சு விடப்போவது அண்ணன்தான். இதைச் சொன்னால் ஆண்களில் சிலர் அமைதியாகக் கேட்கிறார்கள்.

வசை வேறு. 2018-ல் ஒருவன் என் படத்தை எடுத்து அசிங்கமான வரிகளோடு பரப்பினான். நான்கு மாதம் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. வீட்டுக்காரர் "உனக்கெதுக்கு இது" என்றார், அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. இப்போது என் படம் எதிலும் இல்லை. வசை வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்கிறேன், பதில் கிடையாது. இதை வாதம் என்று எண்ணி நீங்களும் நிம்மதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதினேன்.

2019-ல் என் அப்பா இறந்தார். உயில் இல்லை. வீடும் இரண்டேகால் ஏக்கர் காடும். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் வாரிசு. அதற்குள் இரண்டு வருடம் இணையத்தில் எழுதி, வாதாடி, எல்லாத் தேதியும் மனப்பாடம். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் வந்தார். தறி ஓடவில்லை, பாங்கில் கடன் வாங்கப் பத்திரம் வேண்டும். அவர் கேட்கக்கூட இல்லை, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மாதான் பேசினார். "நாளைக்கு உன்ற புள்ளைக்குத் தெரட்டிச் சீருக்கு யாரு வந்து நிப்பா? எனக்கப்பறம் உனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு வேண்டாமா? ஒரு கையெழுத்துதானுங்கண்ணு."

தெரட்டி என்றால் எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்ததற்குச் செய்யும் விழா. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நூறு பேர் சேர்ந்து திட்டினாலும் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மாவின் ஈரக் கண்ணுக்குப் பதில் தெரியவில்லை. தாய்மாமன் இல்லாத வீட்டை எங்கள் பக்கத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். நான் செத்தால் கோடித் துணி போடப் பிறந்த வீட்டிலிருந்துதான் ஆள் வர வேண்டும். இந்த பயத்தை எதிர்த்து எந்தப் பதிவிலும் நான் ஒரு வரி எழுதியதில்லை. அடுத்த வாரம் என் பத்திரத்தை நானே டைப் அடித்தேன். "சகோதர பாசத்தின் பேரில்" என்ற வரியையும்தான்.

அப்போதுதான் புரிந்தது, நான் தப்பான ஆளோடு வாதாடிப் பழகியிருக்கிறேன் என்று. இணையத்தில் எதிரி மாதிரி வருகிறவனிடம் யாரும் நிலத்தை இழப்பதில்லை. பாசத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம்தான் இழக்கிறோம். அங்கே வாதமே நடப்பதில்லை.

அதனால் 2021-லிருந்து வேறு மாதிரி எழுதுகிறேன். முதலில் என் சொந்தக் கதையை எழுதினேன். அப்புறம், அந்த நேரத்தில் வாயில் வர வேண்டிய வார்த்தைகளை எழுதினேன். "சரிங்கண்ணா, ஒரு வாரம் டைம் குடுங்க, படிச்சுப் பாத்துட்டு வர்றேன்." இது ஒன்று போதும், இதில் யாரும் யாரையும் மறுக்கவில்லை. பங்கை விட்டுக்கொடுப்பதென்று முடிவு செய்தாலும் ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம், அந்தத் தொகையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லலாம் என்பது நிறையப் பெண்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பதிவுகளுக்குக் கீழே பெரிய சண்டை நடக்காது, பத்துக் கருத்து வந்தாலே அதிகம். ஆனால் அன்று ராத்திரி இன்பாக்ஸ் நிறைந்துவிடும். பூ படமும் சாமி படமும் வைத்திருக்கும் அக்காமார்கள். ஒருவர் மூன்று லட்சம் வாங்கித் தன் பெயரில் பாங்கில் போட்டிருக்கிறார். அண்ணனோடு பேச்சு ஒரு வருடம் நின்றிருந்தது, இப்போது பேசுகிறார்களாம். இன்னொருவர் ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றும் வாங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். "ஆனா படிச்சுட்டுப் போட்டேன்" என்று எழுதியிருந்தார்.

என் சொந்தக் கதையை எழுதிய பதிவை என் அண்ணன் படித்தார். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். போன் செய்து, "நான் கேக்கவே இல்லையே, நீயாத்தான போட்ட" என்றார். "ஆமாங்கண்ணா, நானாத்தான் போட்டேன்" என்றேன். ரொம்ப நேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. நிலம் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. என் மகளின் தெரட்டிக்கு வந்து முறையாகச் சீர் செய்தார்.

இந்தத் தை மாதம் எங்கள் கடைக்கே வந்தார். தனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, இருக்கும்போதே பையன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். நான் பெயர், சர்வே நம்பர், பரப்பு எல்லாம் அடித்துவிட்டு, "பாப்பா பேருங்கண்ணா?" என்று கேட்டேன். பாப்பா என்றால் அவர் மகள், காலேஜ் மூன்றாவது வருடம். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சு வை, பாக்கலாம்" என்றார்.

வரைவு இரண்டு பெயர்களோடு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இன்னும் நாள் குறிக்கவில்லை.