அம்மாவின் இரத்தம் புளிக்கவில்லை

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது தாதியர் டிப்ளோமா முதலாம் ஆண்டு. மனித உடலமைப்புப் பாடம் என்றாலே பயமாக இருக்கிறது. 206 எலும்புகள், செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகள், இரத்தத்தின் உப்புகள் என்று ஒரே பெயர்கள். இரவு முழுக்க மனனம் செய்கிறேன், காலையில் மறந்துவிடுகிறது. இதற்கு வழி உண்டா? தமிழில் குறிப்பெடுத்துப் படித்தால் குழப்பம் வருமா? நீங்கள் ஏன் இதையெல்லாம் எழுதுவதில்லை?

வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்மாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. தெரிந்த ஒருவரின் பேச்சைக் கேட்டு அல்கலைன் (காரத்தன்மை) தண்ணீர் இயந்திரத்தைத் தவணையில் வாங்கிவிட்டார். இரத்தம் புளித்துப்போவதுதான் எல்லா நோய்க்கும் காரணமாம். இன்சுலின் ஊசியைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நான் சொன்னால், "நேத்துதான் காலேஜுக்குப் போன" என்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

எலும்புகளை உங்கள் உடம்பிலேயே தொட்டுப் படியுங்கள். கைக்கு 27, பாதத்துக்கு 26. இரண்டு கை, இரண்டு பாதத்திலேயே 106 வந்துவிடும். பேருந்தில் உட்கார்ந்தபடியே பாதியைத் தாண்டிவிடலாம். தமிழில் தாராளமாகக் குறிப்பெடுங்கள். தேர்வில் கேட்கும் பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், போதும். நான் ஏன் எழுதுவதில்லை என்பதற்கு இதோ எழுதுகிறேன்.

அம்மாவின் தண்ணீருக்கு வருகிறேன். கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனால் படியடியில் ஒருவர் சொல்கிறார்: "உடம்பு ஆசிட் ஆயிடுச்சு." சொல்பவர்களும் நம்மவர்கள், கேட்டுப் பணம் கட்டுபவர்களும் நம்மவர்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு. இப்படிப்பட்ட வீடுகளுக்குள்தான் அந்த இயந்திரம் நுழைகிறது.

பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண். இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கிறது. ஏழு என்பது நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம். அதாவது அம்மாவின் இரத்தம் யாரும் விற்காமலேயே சற்றுக் காரமானது. பிஎச் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். இயந்திரத் தண்ணீரின் பிஎச் 9 என்றும் இரைப்பைச் சாற்றின் பிஎச் 2 என்றும் வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள். வேறு உப்பு சேராத தண்ணீர் என்றால், ஒரு லிட்டரின் காரத்தை முறிக்க இரைப்பைச் சாறு ஒரு மில்லிலிட்டர் போதும். இரைப்பையோ ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சுரக்கிறது. அம்மா குடிக்கும் காரம் இரைப்பையைத் தாண்டுவதில்லை.

இன்னும் கேளுங்கள். இரைப்பைச் சுவரின் செல்கள் அமிலத்தை இரைப்பைக்குள் விடும்போது, அதே அளவு பைகார்பனேட்டை, அதாவது அமிலத்தை முறிக்கும் உப்பை, இரத்தத்துக்குள் விடுகின்றன. சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையம் பைகார்பனேட்டை ஊற்றி அந்த அமிலத்தைத் தணிக்கிறது. செல்கள் சர்க்கரையை எரித்து வெளியேற்றும் கரியமில வாயு இரத்தத்தில் அமிலமாகிறது, அதை நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே தள்ளுகிறது. மிச்ச அமிலத்தைச் சிறுநீரகம் சிறுநீரில் கழித்து, செலவான பைகார்பனேட்டைத் திரும்ப உண்டாக்குகிறது. நீங்கள் தூங்கும்போதும் இது நிற்காது.

இவ்வளவும் உங்கள் முதலாண்டுப் பாடத்தில் இருக்கிறது. பைகார்பனேட் என்ற பெயரை இரவெல்லாம் கண்விழித்து மனனம் செய்திருக்கிறீர்கள். அது அம்மாவின் உடம்பில் என்ன வேலை பார்க்கிறது என்று ஒருமுறை கேட்டிருந்தால் மறந்திருக்காது, அம்மாவுக்கும் பதில் சொல்லியிருக்கலாம். "நேத்துதான் காலேஜுக்குப் போன" என்று அம்மா சொன்னதும் வாயை மூடிக்கொண்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர், கணையத்துக்குள் தனித்தனித் திட்டுகளாகக் கிடக்கும் செல்களைக் கண்டு ஆய்வேட்டில் எழுதினார். வயது 21. அவை எதற்கு என்று அவருக்கே தெரியாது. இருபது வருடம் கழித்து, 1889இல், மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிவிட்டுப் பார்த்தபோது அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அந்தத் திட்டுகளில் சுரக்கும் இன்சுலினை டொரோண்டோவில் பிரித்தெடுத்தது 1921இல். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதுவரை அந்த நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் கூடுதலாக உயிரோடு வைத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான். அம்மா பாதியாகக் குறைத்தது இந்த மருந்தை.

எங்கள் பெரியம்மா பிறையில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை, யாருக்கும் அடங்காத வாய். ஒரு பொடியை நம்பி இன்சுலினை அடியோடு விட்டுவிட்டார். பொடி விற்றவரும் எங்களுக்குச் சொந்தம்தான். இரண்டு நாள் வாந்தி. அப்புறம் மூச்சு ஆழமாக, வேகமாக, நிற்காமல் வாங்கியது. எல்லோரும் ஆஸ்துமா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து பேசியபோது அவர் வாயில் அழுகப் பழுத்த பழத்தின் வாசனை. அவசரப் பிரிவில் ஒரு மலாய்க்கார டாக்டர், இளவயதுப் பெண், இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் பொறுமையாக விளக்கினார். அன்றுதான் உண்மையிலேயே புளித்த இரத்தம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

தசைச் செல்லுக்குள் சர்க்கரை போக ஒரு வழி வேண்டும். குளுட்-4 என்ற புரதம் செல்லுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் மேற்பரப்புக்கு ஏறி வழிவிடும். இன்சுலின் இல்லையென்றால், பூட்டிய வீட்டின் வாசலில் சோற்றுப்பானை இருக்க உள்ளே பிள்ளை பசியில் துடிப்பது போலத்தான். உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. ஈரல் அதைக் கீட்டோன்களாக்கி இரத்தத்தில் விடுகிறது. அவை அமிலம். பைகார்பனேட் தீர்ந்துகொண்டே போக, கரியமில வாயுவையாவது தள்ளிவிடலாம் என்று நுரையீரல் போராடுகிறது. பெரியம்மாவின் மூச்சு அதுதான். இரத்தம் புளிப்பதைத் தடுக்கத் தண்ணீர் குடிக்கும் உங்கள் அம்மா, புளிக்கவிடாமல் காக்கும் ஊசியைக் குறைத்திருக்கிறார். இதை அவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

பெரியம்மா அன்று பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் போய்விட்டது. கடைசிக் காலம் வரை வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஏறத்தாழ 99 விழுக்காட்டை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. இந்த எண்களைச் சுத்திகரிப்பு மையத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். இன்றைக்கும் மறக்கவில்லை.

அம்மாவின் கிளினிக் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். எச்பிஏ1சி என்று ஓர் எண் இருக்கும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை அவ்வளவு நாளும் போகாது. அதனால்தான் அது மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டினால் ஏன் சிறுநீரில் வழிகிறது, சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறினால் என்ன பொருள், பொட்டாசியத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

இயந்திரத்தின் தவணைப் பணத்தை இப்போது பேசாதீர்கள், அம்மா வீம்புக்கு இன்னும் ஊசியைக் குறைப்பார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். எவ்வளவு குறைத்தார், எப்போதிலிருந்து என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். விட்ட ஊசிக்கு ஈடாக வீட்டிலேயே கூட்டிப் போடக் கூடாது, அளவை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குள் வாந்தியோ வயிற்றுவலியோ ஆழமான மூச்சோ வந்தால் நேராக அவசரப் பிரிவு. ராத்திரியானாலும் சரி, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அம்மாவின் எச்பிஏ1சி, கிரியாட்டினின் இரண்டையும் குறிப்பிடுங்கள்.